பூசையுண்டி விளக்கம்

நாய்க்கு வைத்ததை நாய் தின்னும். ஆகவே நாயுணவில் ஆராய்ச்சிக்குப் பெரிய இடமில்லை. பூனைக்கு வைத்ததைப் பூனை முகரும். தட்டை ஒருமுறை வலம் வரும். பிறகு மொசைக் தரையில் இல்லாத மண்ணை முன்னங்காலால் வாரி வாரித் தட்டைப் புதைப்பதாகப் பாவனை செய்துவிட்டு நடையைக் கட்டும். வைத்தவர் கரண்டியோடு நிற்பார். இவ்வாய்வு அந்தக் கரண்டிக்காரருக்காக எழுதப்படுவது.

விலங்குணவுக் கடையில் கேட்டால் சிக்கல் இரண்டே சொல்லில் அடங்கிவிடும். டிரையா, வெட்டா? டிரை என்பது மூட்டையிலிருந்து லூஸாகவும் நிறுத்துத் தரப்படும் மொறுமொறுப்பான சிறு வில்லை. வெட் என்பது 85 கிராம் பௌச்சில் கிரேவியோடு அடைபட்டு வரும் துண்டு. பூனை வளர்க்கும் உலகம் இதில் இரு கட்சியாக நிற்கிறது. பூனையை முன்னிட்டுக் கட்சி பிரிவது தமிழருக்குப் புதிதன்று. தாய்ப்பூனை கவ்விக்கொள்ளக் குட்டி சும்மா கிடக்கும் மார்ச்சார நியாயம் தென்கலைக்கு, தாய்க்குரங்கைக் குட்டி தானே பற்றிக்கொள்ளும் மர்க்கட நியாயம் வடகலைக்கு என்று நூற்றாண்டுகளாக வாதிட்ட மண் இது. அந்த வாதத்தில் குட்டியின் சரணாகதி பற்றி ஆசாரியர்கள் மிச்சம் வைக்காமல் பேசியிருக்கிறார்கள். கவ்விக்கொண்டுபோய் இறக்கிய இடத்தில் அதற்கு என்ன வைத்தார்கள் என்பதை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே இம்முயற்சி. ஈரகலை, உலர்கலை எனக் கட்சிகளுக்குப் பெயரிட்டுக்கொண்டு மேலே செல்வோம்.

முன்னோர் கூற்று

ஈரகலைக்கு மூத்த சான்று கம்பரிடம் கிடைக்கிறது. அவையடக்கத்தில் தம் முயற்சியைப் பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூசையின், அதாவது பூனையின், ஆசைக்கு ஒப்பிடுகிறார். உரைகாரர்கள் இதில் புலவரின் பணிவைக் கண்டார்கள். ஊட்டவியல் நோக்கில் கண்டால், ஈர உணவை அளவின்றி வைத்தால் பூனை என்ன செய்யும் என்ற கேள்வி இலக்கியத்தில் எழுப்பப்பட்ட இடம் அது. அந்தப் பூனை கடலை முடித்திருந்தால் வயிற்றுப்போக்கில்தான் கிடந்திருக்கும். பால்குடி மறந்த பூனைகள் பெரும்பாலானவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைந்துபோகிறது.

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு எனப்படும் பாறைச் சிற்பத்தில் ஒரு பூனை முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. காலடியில் எலிகள். போலித் துறவி என்பது வழக்கமான விளக்கம். நாம் அதை ஏற்பதற்கில்லை. 7ஆம் நூற்றாண்டுச் சிற்பி ஒருவர், உணவு எதிரிலேயே இருந்தும் உண்ண மறுக்கும் பூனையைத் தம் வீட்டில் பார்த்திருக்கிறார், பார்த்ததைச் செதுக்கியிருக்கிறார். தவம் என்பது பிற்காலத்தார் ஏற்றிச் சொன்னது.

சோதனை முறையில் முதலில் இறங்கியவர் தெனாலிராமன். கொதிக்கும் பாலை வைத்து, பூனை வாயைச் சுட்டுக்கொண்ட பிறகு, பால் என்று கண்டாலே அது ஓடும்படி ஆக்கிய கதையை எல்லோரும் அறிவர். இக்கால விலங்கு மருத்துவர்கள் இதையே வேறு மொழியில் சொல்கிறார்கள். உடம்பு சரியில்லாத நாளில் வாயில் திணித்த உணவைப் பூனை நோயோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும். தேறிய பின்னும் அதைத் தொடாது. தெனாலிராமனுக்கு இருந்த வசதி, செலவு அரண்மனைக் கணக்கில் போனது. நமக்கு அது இல்லை.

பூர்வபட்சம்

எதிர்வாதத்தை முதலில் சொல்வதே சாத்திர முறை. அதை இந்த வீட்டில் எடுத்து வைப்பவர் அத்தை.

“அந்தக் காலத்துல மீன் கொழம்பு ஊத்திச் சோத்தைப் பெசஞ்சு வச்சோம். தின்னுச்சு, எலி புடிச்சுது, செவத்தோரமாத் தூங்குச்சு. வெட்டு குத்துன்னு அதுக்கு எதுக்குடா இத்தனை பேரு?”

வாதம் வலுவானது. எனினும் மூன்று தடைகள் உண்டு. குழம்பில் வெங்காயமும் பூண்டும் கிடக்கின்றன. அவை பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையில் கொண்டுவிடும். சோறு வயிற்றை அடைக்குமேயன்றிப் பூனைக்கு வேண்டிய டாரினைத் தராது. இந்த அமினோ அமிலத்தைப் போதுமான அளவு தானே செய்துகொள்ளப் பூனையுடம்பால் இயலாது. குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும், இதயம் தளர்ந்து வீங்கும். கடையுணவே உண்ட பூனைகளுக்கும் இந்த இதயநோய் டாரின் குறைவால் வந்தது என்பதைக் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 1987இல் காட்டினர். உணவுகளில் டாரின் அளவு கூட்டப்பட்டது அதன் பிறகுதான். மூன்றாவது தடை, அத்தை சொன்ன பூனை சோற்றை மட்டுமா தின்றது? மீதியைக் கூரையிலும் கொல்லையிலும் தேடிக்கொண்டது. மூன்றாம் மாடி வீட்டில் கொல்லை கிடையாது.

கருவாட்டை அத்தை இரண்டாம் வாதமாக வைத்தார். உலர்ந்தது, மணமுள்ளது, பூனை உயிரை விடும். ஒப்புகிறோம். ஆனால் அதிலுள்ள உப்பு, நாலு கிலோ உடம்புக்கு உணவல்ல, தண்டனை. மீன் கடையில் இனாமாகத் தரும் பச்சைக் குடலும் செவுளும் ஈரகலைக்குச் சேரும் என்றாலும், சில வகை மீன்களில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் நொதி இருப்பதால் வேகவைத்தே கொடுக்க வேண்டும்.

எலி என்னும் அளவுகோல்

இரு கட்சிக்கும் பொதுவான அளவுகோல் ஒன்று வேண்டும். பூனையைக் கேட்டுப் பயனில்லை. ஆகவே சுண்டெலியை எடுத்துக்கொள்கிறோம்.

சுண்டெலியின் உடம்பில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் நீர். பௌச் உணவில் முக்கால் பங்குக்கு மேல். உலர் வில்லையிலோ நூற்றுக்குப் பத்து தேறுவதே அரிது. வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியப் பாலைப்பக்கத்துக் காட்டுப்பூனை. இரையிலிருந்தே நீரை எடுத்துக்கொண்டு, சிறுநீரைச் சுண்டக் காய்ச்சி வெளியேற்றி வாழ்ந்த குலம். தாகம் என்ற உணர்ச்சியே அதற்கு மந்தம். உலர் உணவு தின்னும் பூனை கூடுதலாகத் தண்ணீர் குடிக்கிறது, ஆனால் குறையை முழுதாக ஈடுகட்டுமளவு குடிப்பதில்லை. ஆண்பூனைகளுக்குச் சிறுநீர்ப்பாதையில் படிகம் சேர்ந்து அடைப்பு வரும்போது அது சிரிப்புக்கு இடமான விஷயமல்ல. ஓரிரு நாளில் உயிரே போகும். இந்தக் கணக்கில் ஈரகலை வெல்கிறது.

உலர்கலை உடனே பல்லைக் காட்டும். மொறுமொறுப்பு பல்லைத் துலக்கும் என்பது அதன் பழைய வாதம். பூனையோ வில்லையைப் பாதி உடைத்தும் பாதி உடைக்காமலும் விழுங்குகிறது. பல்லுக்கென்றே தனியாகச் செய்யப்படும் பெரிய வில்லைகள் நீங்கலாக, சாதாரண டிரை ஃபுட் பல் துலக்கும் என்பது முறுக்கு தின்றால் பல் தேய்க்க வேண்டாம் என்பதைப் போன்றது. உலர்கலையின் உண்மையான வலிமை வேறு இடத்தில் இருக்கிறது. அது மலிவு. நாலு கிலோ பூனைக்கு நாளொன்றுக்கு 200 முதல் 250 கிலோகலோரி போதும். உலர் உணவில் இது ஏறக்குறைய 60 கிராம். ஈர உணவில் 85 கிராம் பௌச் இரண்டு மூன்று காலியாகும். மாதக் கடைசியில் பல வீடுகள் உலர்கலைக்கு மதம் மாறுவதன் காரணம் தத்துவமல்ல.

சுவை பற்றியும் ஒரு சொல். பூனைக்கு இனிப்பு தெரியாது. இனிப்பை உணரும் ஏற்பிக்கு வேண்டிய மரபணு அதனிடம் பழுதாகிக் கிடக்கிறது என்று ஃபிலடெல்ஃபியாவின் மோனெல் ஆய்வு மையத்தார் 2005இல் கண்டறிந்தனர். நாக்கிலுள்ள சுவைமொட்டுகளும் சில நூறுதான். ஆகவே பூனை பெரும்பாலும் மூக்கால் தின்கிறது. உலர் வில்லையின் மேல் கோழி ஈரலை நொதியால் கரைத்த சாறும் கொழுப்பும் தெளிக்கப்படுவது இதற்காகத்தான். வில்லைக்கு வாசனை மேற்பூச்சு மட்டுமே. பூச்சு போனால் போயிற்று.

கால இடப் பகுப்பு

இங்கேதான் இரு கட்சியும் கோட்டை விட்டன. ஈரம், உலர்வு என்பவற்றை உணவின் நிலையான குணங்களாகக் கொண்டு மேலைநாட்டார் வாதிட்டனர். சென்னையில் அவை குணங்களல்ல, நேரங்கள்.

கத்திரி வெயிலில் ஒரு பௌச்சைப் பிரித்துத் தட்டில் கொட்டுங்கள். மின்விசிறிக்குக் கீழே கிரேவி சற்று நேரத்தில் ஆடை கட்டும். பிறகு துண்டுகள் ஓரம் சுருங்கிக் கறுக்கும். தட்டோடு ஒட்டிக்கொண்ட பின் அதை ஈர உணவு என்பவர் அதைத் தேய்த்துக் கழுவாதவராகத்தான் இருக்க வேண்டும். ஐப்பசி அடைமழையில் உலர் வில்லையைத் திறந்து வையுங்கள். காலையில் மொறுமொறுத்தது மாலையில் நமத்து, விரலால் அமுக்கினால் குழியும். டப்பாவை ஒழுங்காக மூடாத வீட்டில் கொழுப்பும் சிக்கு வாடை எடுத்திருக்கும். மேயில் ஈரம் உலர்கிறது, நவம்பரில் உலர்ந்தது ஈரமாகிறது. பூனை இரண்டையும் மறுக்கிறது. அது மறுத்தது ஈரத்தையா உலர்வையா என்று கேட்பவர் தவறான இடத்தில் கேட்கிறார். அது மறுத்தது பழசை.

நேற்று தின்றதை இன்று ஏன் தொடவில்லை என்னும் நெடுநாள் ஐயம் இதனால் நீங்கும். நேற்று அது பிரித்த கையோடு வைக்கப்பட்டது. இன்று குளிர்பெட்டியில் தோசைமாவுப் பாத்திரத்துக்கும் மோர்க் குவளைக்கும் நடுவே, ரப்பர் வளையம் போட்ட பாதி பௌச்சாக இரவைக் கழித்துவிட்டு வந்திருக்கிறது. சில்லிட்ட உணவு மணம் விடாது. எலி ஒருபோதும் சில்லிட்டு வருவதில்லை; பூனைக்கு உடல்சூட்டை ஒட்டிய வெதுவெதுப்பே பிடிக்கும். ஆகவே இரண்டு கரண்டி வெந்நீர் விட்டுக் கிளறினால் அதே உணவு மறுபிறவி எடுக்கும். குளிர்பெட்டியில் அந்தப் பௌச் எந்தத் தட்டில் இருக்கலாம் என்பதைப் பற்றி வீட்டில் நடந்த பேச்சுவார்த்தை இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

அளவும் காலத்தைச் சேர்ந்ததே. ஒரு சுண்டெலியில் ஏறக்குறைய 30 கிலோகலோரி. நாளைக்கு ஏழெட்டு எலி. அதாவது பூனையின் குலவழக்கம், சிறு சிறு கவளமாகப் பலமுறை உண்பது. காலையில் ஒரு குவியலைக் கொட்டிவிட்டு அலுவலகம் போகிறவர், பூனைக்குச் சோறு வைத்ததாக நினைக்கிறார், எறும்புக்கு வைத்திருக்கிறார். தட்டைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் அகழிபோல நிறுத்துவது நல்ல ஏற்பாடு. சில பூனைகள் உணவை விட்டுவிட்டு அகழித் தண்ணீரைக் குடிக்கும். ஈரகலையினர் அதையும் வெற்றிக் கணக்கில் எழுதிக்கொள்வார்கள்.

இவ்வளவையும் திரட்டினால் நடைமுறை எளிது. காலையிலும் மாலையிலும் ஈரம், சிறிதாக, வெதுவெதுப்பாக. தின்னாததைச் சற்று நேரத்தில் எடுத்துவிட வேண்டும். இரவுக்கு உலர்வு, இறுக மூடிய டப்பாவிலிருந்து, சிறிய பொதியாக வாங்கியது. குட்டியாக இருக்கும்போதே இரண்டையும் பழக்கிவிட்டால் பிற்காலச் சண்டை குறையும். வளர்ந்த பூனைக்குப் புதியதைப் பழையதோடு கலந்து, நாளுக்கு நாள் கூட்டிப் பழக்க வேண்டும். பட்டினி போட்டால் வழிக்கு வரும் என்பது நாய்க்குச் சொன்ன பாடம். கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் உண்ணாதிருந்தால் கல்லீரலில் கொழுப்பு ஏறி உயிருக்கு ஆபத்து. பிடிவாதம் ஒரு நாளைத் தாண்டினால் அது ஆராய்ச்சிக்குரிய பொருளல்ல, விலங்கு மருத்துவருக்குரியது.

ஆய்வுக்கு உட்பட்டவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டோம். பெண், நான்கு கிலோ, பெயர் நெறிமுறை கருதி மறைக்கப்படுகிறது. மாதிரி அளவு ஒன்று. சிறிது என்று குறை காண்பவர்கள், அந்த ஒன்று அதிகாலையில் மார்பின் மேல் ஏறி உட்கார்ந்து முகத்தை உற்றுப் பார்க்கும்போது அருகில் இருந்திருக்க வேண்டும்.

ஆய்வு முடியும் தறுவாயில் எதிர்பாராத தரவு ஒன்று கிடைத்தது. உலர் உணவு மூட்டையின் கீழ்மூலையில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. கடித்த தடம் பூனையுடையது அன்று. வில்லையை எந்த மறுப்புமின்றி, நமத்திருந்தாலும் நமக்காவிட்டாலும், ஏற்றுக்கொள்ளும் உயிர் ஒன்று வீட்டில் குடியிருக்கிறது. இதன் தத்துவ விளைவு பெரிது. நூற்றுக்குப் பத்துக்கும் குறைவான நீருள்ள வில்லையை உட்கொண்டு, மூன்றில் இரண்டு பங்கு நீரும் சரியான சூடும் 30 கிலோகலோரி அளவும் கொண்ட கவளமாக மாற்றித் தரும் இயந்திரம் எலி. ஈரகலையும் உலர்கலையும் அந்த உடம்பில் சமாதானமாகிவிட்டன. மிச்சமிருந்தது பிடிப்பது ஒன்றுதான். உழைத்துப் பெறும் உணவும் சும்மா கிடைக்கும் உணவும் எதிரில் இருந்தால் பூனைகள் பெரும்பாலும் சும்மா கிடைப்பதையே எடுக்கின்றன என்று டேவிஸ் பல்கலைக்கழகத்தாரே 2021இல் எழுதியிருந்ததை நாம் படித்திருந்தோம். அத்தை படித்ததில்லை.

“எலி ஓடுதுடி, பாரு!” என்று அவர் கத்த, ஆய்வுக்கு உட்பட்டவர் பார்த்தார். எலி பீரோவுக்கு அடியில் போகும்வரை முழுக் கவனத்துடன் பார்த்தார். பிறகு திரும்பி, கரண்டி இருக்கும் திசையைப் பார்த்தார்.