சவுண்ட் பிளாஸ்டர் பெருமை

பழைய கணினிகளின் ஒலியை நினைத்து உருகுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எங்கே சுற்றினாலும் பேச்சு கடைசியில் சவுண்ட் பிளாஸ்டரில்தான் வந்து நிற்கும். அந்த ஒலி கார்டுக்கு வாய்த்த புகழ் வேறு எதற்கும் வாய்க்கவில்லை. ஆனால் அந்தப் புகழைச் சம்பாதிக்க அது என்னவெல்லாம் செய்தது என்பதை யாரும் முழுதாகச் சொல்வதில்லை. சொல்ல வேண்டியது நன்றிக்கடன்.

முதலில் அதன் அடக்கம். 1981-ல் வந்த ஐபிஎம் பிசியில் இருந்தது ஒரே ஒரு சின்ன ஸ்பீக்கர். ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டும் கீச்சிடும். 1987-ல் கனடாவின் கியூபெக்கிலிருந்து மார்ட்டின் பிரேவெல் ஆட்லிப் கார்டைக் கொண்டுவந்தார். யமஹாவின் ஒய்எம்3812 சிப், ஒன்பது குரல்கள். கணினி அன்றைக்குத்தான் பாடத் தொடங்கியது. சிங்கப்பூரில் சிம் வோங் ஹூவின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-ல் சவுண்ட் பிளாஸ்டரைச் செய்தபோது, இசைக்கென்று புதிதாக ஒன்றைத் தேடி அலையவில்லை. அதே சிப்பை எடுத்து வைத்தது. கூடவே 8 பிட் மோனோவில் குரலும் வெடிச்சத்தமும், ஜாய்ஸ்டிக் செருக ஓர் இடமும். ஆட்லிப்புக்காக எழுதிய இசையெல்லாம் இதிலும் அட்சரம் பிசகாமல் ஒலித்தது. 1992-ல் ஆட்லிப் திவாலானது. அதனால் என்ன, அது பெற்ற பிள்ளைகளைச் சவுண்ட் பிளாஸ்டர் தன் பிள்ளைகளாகவே வளர்த்துவிட்டதே!

வாங்கியவர்களுக்கு அது கற்றுக்கொடுத்த பாடமும் கொஞ்சமில்லை. கேபினெட்டைக் கழற்றி, கார்டை வெளியே எடுத்து, அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கறுப்பு ஜம்பரை நகக்கண்ணால் பிடுங்கி அடுத்த ஊசிகளில் மாட்ட வேண்டும். முகவரி 220-ஆ 240-ஆ? ஐஆர்க்யூ எனும் குறுக்கீட்டு எண்ணை 7 என்று கம்பெனியிலிருந்தே வைத்து அனுப்பியிருப்பார்கள். அது பிரிண்டருக்கு உரியது. ஆகவே 5-க்கு மாற்ற வேண்டும். பிறகு ஆட்டோஎக்ஸெக் கோப்பில் ஏ220 ஐ5 டி1 என்று ஒரு வரி. பிறகு ஒவ்வொரு விளையாட்டின் செட்டப்பிலும் அதே எண்கள். ஓர் எண் தப்பினால் துப்பாக்கிச் சத்தத்தின் முதல் துணுக்கு மட்டும் திரும்பத் திரும்ப ஒலிக்கும், அல்லது கணினியே உறைந்துபோகும். ரீசெட் பொத்தானைத் தவிர வழியில்லை. விளையாட உட்கார்ந்த பிள்ளையைப் பாதி மெக்கானிக்காக்கி எழுப்பிய புண்ணியம் யாருக்கு வரும்? அந்த எண்களை இன்றும் மனப்பாடமாக ஒப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒலியின் நேர்மையையும் சொல்ல வேண்டும். முதல் கார்டு ஒரு துண்டு ஒலியை முடித்து அடுத்ததை எடுக்கும்போது நடுவில் ஒரு 'டிக்' கேட்கும். தன் வேலையை ஒளிக்காத குணம். பின்னால் வந்த சில கார்டுகளில் மவுஸை நகர்த்தினாலே ஸ்பீக்கர் இரையும். 1998-ல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் லைவ் எல்லாவற்றையும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றித்தான் வெளியே விடும். சிடியின் 44.1-க்கும் அதே நீதி. அதனிடம் பாரபட்சம் இல்லை.

இவையெல்லாம் சில்லறைப் பெருமைகள். பெரும்புகழ் ஆரியலைக் கையாண்டதில் இருக்கிறது.

ஆரியல் நிறுவனத்தின் வோர்டெக்ஸ் 2 சிப் 1998-ல் வந்தது. அதன் ஏ3டி நுட்பம், விளையாட்டின் சுவர்கள் எங்கே நிற்கின்றன என்பதை வாங்கிக்கொண்டு, ஒலி எந்தச் சுவரில் பட்டு எந்தத் திசையிலிருந்து திரும்பும் என்று கணக்கிட்டது. சாதாரண ஹெட்போன்தான். ஆனால் ஹாஃப்-லைஃப் விளையாட்டில் பின்னால் வருகிறவனின் காலடி உண்மையாகவே பின்னால் கேட்கும். கேட்டவர்கள் அதை மறக்கவில்லை. கிரியேட்டிவின் இஏஎக்ஸ் நுட்பம் இந்த வம்புக்கே போகவில்லை. குகை என்றால் குகைக்கான எதிரொலி, கூடம் என்றால் கூடத்துக்கான எதிரொலி. சுவர் எங்கிருந்தால் என்ன?

கிரியேட்டிவ் காப்புரிமை வழக்குப் போட்டது. 1999 இறுதியில் ஆரியல் ஜெயித்தது. ஜெயித்த கையோடு, வழக்குச் செலவிலேயே மூழ்கி, 2000-ல் திவாலானது. அப்போது யார் கை கொடுத்தது தெரியுமா? தோற்ற கிரியேட்டிவ்தான். பழைய பகையை மனத்தில் வைக்காமல் ஏறத்தாழ 3.2 கோடி டாலர் கொடுத்து ஆரியலின் சொத்துகளை வாங்கிக்கொண்டது. சுவர்களின் கணக்குப் போட்ட அந்த நுட்பத்தை இனி யாரும் தொட்டுக் கெடுத்துவிடாதபடி பத்திரமாக உள்ளே வைத்தது. வழக்கில் தோற்றும் இப்படி வெல்லத் தெரிந்தவர்கள் அரிது. அந்தக் காலடிச் சத்தம் என் காதிலிருந்து போகவில்லை, அதனால் இந்த வெற்றியை நான் மறப்பதற்கில்லை.

கைராசி அதோடு நிற்கவில்லை. டூம் விளையாட்டுகளை நிரலாக்கிய ஜான் கார்மாக் தானாகவே கண்டடைந்த ஒரு நிழல் வரையும் உத்திக்குக் கிரியேட்டிவிடம் காப்புரிமை இருந்தது; அதைப் பயன்படுத்துவதற்காக 2004-ல் டூம் 3 இஏஎக்ஸைச் சேர்த்துக்கொள்ள இணங்கியது. 2007-ல் வந்த விஸ்டா, ஒலியை கார்டிலேயே செயலாக்கும் பழைய வழியை அடைத்தது. காசு கொடுத்து வாங்கிய வசதிகள் பலருக்குப் போயின. பிரேசிலைச் சேர்ந்த ஓர் ஆர்வலர் டிரைவர்களைத் திருத்தி அவற்றை மீட்டுத் தந்தார். 2008 மார்ச்சில் கிரியேட்டிவ் பகிரங்கமாக அவரை நிறுத்தச் சொன்னது. எந்தக் கார்டுக்கு எந்த வசதி என்பது தங்கள் வணிக முடிவு, அதை எடுக்கும் உரிமை தங்களுக்கு மட்டுமே உண்டு என்று விளக்கமும் கொடுத்தது. பயனர்கள் கொதித்தார்கள். இவ்வளவு வெளிப்படையாகப் பேசும் நிறுவனத்தைப் பார்த்துப் பழக்கமில்லாதவர்கள்.

ஹாஃப்-லைஃபை உருவாக்கிய வால்வ் நிறுவனமே 2017-ல் ஸ்டீம் ஆடியோ என்ற கருவியை வெளியிட்டது. விளையாட்டின் சுவர்களை வாங்கிக்கொண்டு ஒலி எங்கே பட்டுத் திரும்பும் என்று கணக்கிடும் கருவி, அதுவும் இலவசமாக. 1998-க்கும் அதற்கும் நடுவே 19 ஆண்டுகள். அதில் பெரும்பகுதி நம் காதுகளுக்கு ஓய்வு கொடுத்த பெருமை சவுண்ட் பிளாஸ்டர் வீட்டாரைச் சேரும்.