தோண்டியவர் ஈப்போவில், எண்ணியவர் பினாங்கில்

பினாங்குத் தீவைத் தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கினாலும் ஒரு படி ஈயம் தேறாது. ஆனாலும் ஜார்ஜ்டவுனில் நாம் அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடுகிற பெரிய மாளிகைகள் பலவும் ஈயக் காசில் எழுந்தவைதான். இதில் மாயமந்திரம் ஒன்றுமில்லை. எதிர்க்கரையில், பேராக்கில், கூலிகள் இடுப்பளவு சேற்றில் நின்று தோண்டினார்கள். முதலாளிகள் இங்கே கடற்காற்று வாங்கிக்கொண்டு எண்ணினார்கள்.

கதை ஒரு யானையில் தொடங்குகிறது. 1848 வாக்கில் பேராக்கின் லாருட்டில் ஈயம் இருப்பதை லோங் ஜாஃபர் என்ற மலாய்த் தலைவர் கண்டுபிடித்தார் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஊர்க்கதையோ வேறு. அவருடைய யானை காணாமல் போய், சில நாள் கழித்துக் காலில் ஈயச் சேற்றை அப்பிக்கொண்டு திரும்பி வந்ததாம். யானையின் பெயர் லாருட். அதையே ஊருக்கும் வைத்தார்கள். அதற்குக் கிடைத்த கமிஷன் அவ்வளவுதான். பிற்பாடு அந்த யானையையும் கூலிகளையும் தவிர மற்ற எல்லோரும் காசு பார்த்தார்கள்.

காசு வந்த இடத்தில் கத்தி வராமல் இருக்குமா? ஹாய் சான், கீ ஹின் என்ற இரண்டு சீன ரகசியச் சங்கங்கள் லாருட்டில் மூட்டிய சண்டையை இன்றைக்கு லாருட் யுத்தங்கள் என்று மரியாதையாகச் சொல்கிறோம். 1861இல் முதல் சுற்று: சுரங்கத்துக்கு வரும் வாய்க்கால் தண்ணீர் யாருக்கு என்று. 1865இல் இரண்டாவது: சூதாட்டத்தில் கிளம்பிய தகராறு. 1872இல் மூன்றாவது: கீ ஹின் தலைவருக்கும் ஹாய் சான் தலைவர் சுங் கெங் குவீயின் உறவினர் மனைவிக்கும் தொடுப்பு என்று புகார் எழுந்து, இருவரையும் பன்றிக்கூடையில் அடைத்துப் பழைய ஈயக் குட்டையில் அமுக்கிவிட்டார்களாம். மண்ணாசை, பொன்னாசை, பெண்ணாசை என்று நம் பெரியவர்கள் எச்சரித்த மூன்றையும் இவர்கள் ஒன்றுவிடாமல் முடித்துப் பட்டம் வாங்கிவிட்டார்கள்.

பினாங்கும் கை கட்டி நிற்கவில்லை. 1867 ஆகஸ்டில் பத்து நாள் ஜார்ஜ்டவுன் தெருக்களில் ரத்தக்களரி. கீ ஹின்னுக்குத் துணையாக வெள்ளைக்கொடிக் கூட்டம், எதிரே துவா பெக் காங் என்ற இன்னொரு சீனச் சங்கத்துக்குத் துணையாகச் சிவப்புக்கொடிக் கூட்டம். இந்தக் கொடிக் கூட்டங்களில் இருந்தவர்கள் சீனர்கள் அல்லர். மலாய்க்காரர்களும் நம் தமிழ் முஸ்லிம்களும். அடுத்த வீட்டுச் சண்டைக்கு அரிவாளோடு போய் நிற்கிற நல்ல பழக்கம் நமக்கு அன்றே இருந்தது.

பஞ்சாயத்துக்கு ஆங்கிலேயர் வந்தார். 1874 ஜனவரி 20இல் பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. பகையைத் தீர்த்து வைத்த கூலியாக, பேராக்கின் நிர்வாகத்தையே அவர் கையில் எடுத்துக்கொண்டார். சுல்தானுக்கு “ஆலோசனை” சொல்ல வந்த முதல் ரெசிடென்ட் பெர்ச்சை மறு வருஷமே ஆற்றங்கரைக் குளியலறையில் வைத்துக் குத்திக் கொன்றார்கள். ஆலோசனை என்னவோ நிற்கவில்லை. நேற்றுவரை ஆளை ஆள் வெட்டச் சொன்ன சுங் கெங் குவீயோ சீனர்களுக்குத் தலைவராக, கப்பித்தான் ஆனார், 1877இல் பேராக் அரசாங்க மன்றத்தில் நாற்காலியும் பிடித்தார்.

சண்டை ஓய்ந்த பிறகுதான் வியாபாரத்தின் அழகு துலங்குகிறது. ஈயத்தின் விலை லண்டனில் ஏறும், இறங்கும். அதை நம்பியா முதலாளி இருப்பார்? கூலிக்கு அரிசி விற்பவர் அவரே, அதுவும் கடனுக்கு. சேற்றில் நின்ற உடம்பின் வலிக்கு அபின், அபினுக்கும் அவர் கடைதான். மிச்சம் இருந்தால் சூதாட்டக் கொட்டகை. அபின், சாராயம், சூது எல்லாவற்றுக்கும் அரசாங்கம் குத்தகை விட்டது; எடுத்தவர்கள் பெரும்பாலும் இதே சுரங்கச் சீமான்கள். வலது கை கொடுத்த சம்பளம் மாதம் முடிவதற்குள் இடது கைக்குத் திரும்பிவிடும். பினாங்கில் சூதாட்டக் குத்தகையை ஆங்கிலேயர் எப்போதோ ஒழித்துவிட்டு நல்ல பெயர் வாங்கியிருந்தார்கள். கடல் தாண்டிப் பேராக்கிலோ அது 1912 வரை ஜாம்ஜாமென்று ஓடியது. ஒழுக்கத்துக்கும் எல்லைக்கோடு உண்டு போலும்.

கூலி செய்தால் குற்றம், சீமான் செய்தால் பொழுதுபோக்கு. அந்தப் பொழுதுபோக்குக்குக் கட்டிய வீடுதான் பேராக்கின் ஈப்போவில் உள்ள ஹன் சின் பெட் சூ. 1893இல் அதைத் தொடங்கியவர் லியோங் ஃபீ. 1876இல் ஓட்டாண்டியாகப் பினாங்கில் வந்து இறங்கி, பேராக் ஈயத்தில் கொழித்து, ஜார்ஜ்டவுன் லீத் தெருவில் மாளிகை கட்டி, சீன அரசின் துணைத் தூதராகவும் இருந்தவர். 1909இல் மலாய் நாடுகளின் கூட்டாட்சி மன்றம் அமைந்தபோது அதில் உட்கார்ந்த முதல் சீனரும் அவரே. அவருடைய ஹன் சின் பெட் சூ, ஹக்காச் சீன ஈய முதலாளிகளுக்கு மட்டுமே கதவு திறக்கும் கிளப். வெள்ளைக்காரன் தன் கிளப்பில் நம்மை விடவில்லை என்று குமுறிய காலத்தில், இவர்கள் கன்டனீஸ்காரனைக்கூட விடவில்லை. கட்டடத்தை 1929இல் புதிதாக எழுப்பினார்கள். பிறகு ஈயம் சரிந்தது, சீமான்கள் செத்தார்கள், மேசையில் தூசு படிந்தது.

அந்தக் கட்டடத்தைச் சீர்செய்து 2015இல் அருங்காட்சியகமாகத் திறந்தது ஈப்போ வேர்ல்டு என்ற பாரம்பரிய அமைப்பு. எனக்குப் பிடித்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. ‘முன்னோர்கள் இங்கே கூடிச் சமூக முன்னேற்றம் பற்றி விவாதித்தனர்’ என்று ஒரு பலகையை அடித்து நாடாவை வெட்டியிருக்கலாம், வழக்கம் அதுதான். இவர்கள் அப்படிச் செய்யாமல் அபின், சூது, விலைமாதர், ரகசியச் சங்கம் என்று நான்கு சமாச்சாரத்தையும் மாடியில் பட்டவர்த்தனமாகக் காட்டினார்கள். சேற்றில் நின்று டூலாங் தட்டில் ஈயம் அரித்த பெண்களின் கதையும் அதே கூரையின் கீழ் இடம்பெற்றது. அந்தக் காலத்தில் அந்தப் பெண்களை வாசற்படி ஏற விட்டிருக்க மாட்டார்கள்.

பழைய கட்டடங்களைச் சீர்செய்யும் மேஸ்திரிகளைக் கேட்டால் முதலில் சிமெண்டைத்தான் திட்டுவார்கள். பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். அழகுக்காகச் சிமெண்டை அப்பினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, சில வருஷத்தில் சுவர் பொருக்குப் பொருக்காக உதிரும். பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாற்றுக்கு நம் ஊரில் எப்போதும் பூசுவது சிமெண்ட்தான்.

சுண்ணாம்பால் பிழைத்த கட்டடமும் உண்டு: லியோங் ஃபீயின் லீத் தெருவிலேயே சியோங் ஃபாட் ஸே என்ற இன்னொரு சீமானின் நீல மாளிகை இருக்கிறது. முப்பத்தெட்டு அறை, ஐந்து முற்றம். மனிதருக்கு மனைவிமார் எட்டுப் பேர், அறைக்கணக்கு சரிதான். கடைசி மகன் இருக்கும்வரை வீட்டை விற்கக் கூடாது என்று உயில். 1989இல் பாரம்பரிய ஆர்வலர்கள் சிலர் வாங்கும்போது கூரை ஒழுக, உள்ளே குடியிருந்தவர்களோடு கட்டடம் பரிதாபமாக நின்றது. சுண்ணாம்பில் அவுரி நீலத்தைக் கலந்து பழையபடி பூசினார்கள். 2000இல் யுனெஸ்கோ விருதும் வந்தது. அந்தக் காலத்தில் நீலச் சாயம் வந்தது இந்தியாவிலிருந்து. சீனச் சீமானின் கௌரவத்துக்கு நிறம் கொடுத்ததில் நம் பங்கும் கொஞ்சம் உண்டு.

நம் பங்கு என்றால் செட்டியாரை விடலாமா? பினாங்குத் தெருக் கிட்டங்கியில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சுரங்கத்துக்கும் கடன், சுரங்கக்காரரின் கடைக்கும் கடன் என்று வட்டிக்கு விட்டவர் அவர். ஹாய் சான் ஜெயித்தாலும் கீ ஹின் ஜெயித்தாலும் பேரேட்டில் வரவுதான். இந்த முழு நாடகத்திலும் கத்தியும் எடுக்காமல் சீட்டும் தொடாமல் லாபம் பார்த்தவர் அவர் ஒருவரே. அவருடைய கிட்டங்கியை அருங்காட்சியகமாக்கினால் காட்டுவதற்குப் பெட்டகமும் பேரேடும்தான் இருக்கும். சுற்றுலாப் பயணி ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடுவார்.

ஆக மொத்தத்தில் சாமர்த்தியசாலி சுங் கெங் குவீதான். 1893இல் சர்ச் தெருவில் மனை வாங்கி மாளிகை கட்டினார். எதிரிகளான கீ ஹின்னின் பழைய தலைமையகம் இருந்த இடம் அது என்பார்கள். பக்கத்திலேயே தனக்கு ஒரு கோயில், உள்ளே தன் வெண்கலச் சிலை. அவர் ஹக்கா, பாபா நோன்யா வம்சம் அல்ல. ஆனாலும் அவர் வீடு இப்போது பினாங்கு பெரனாக்கான் மாளிகை. கண்ணாடி அலமாரி நிறைய நோன்யா நகை. பினாங்கு ரோட்டை ஒட்டி அவர் பெயரில் ஒரு சந்தும் உண்டு, லெபோ கெங் குவீ. அங்கே செண்டோலுக்கு நிற்கும் வரிசை எந்நேரமும் ரோடு வரை வரும். நடுவில் புகுந்தால் முறைப்பார்கள், சில சமயம் சத்தமும் போடுவார்கள். பன்றிக்கூடை வரைக்கும் இன்னும் போகவில்லை.