ரேட்டு என்னாச்சுங்க?

கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸில் காலை ஆறு மணிக்கு விறுவிறுவென்று நடந்துகொண்டிருக்கும் ஒரு பெரியவர் திடீரென்று நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, செல்போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, "பதினொரு பைசா ஏறிப்போச்சு" என்று முனகினால், அவருடைய பையனோ பொண்ணோ அமெரிக்காவில் இருப்பது உறுதி. அந்நியச் செலாவணிச் சந்தை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும் என்பது அவருக்கும் தெரியும். அதுவரை கை சும்மா இருக்க வேண்டுமே!

அவரைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. இந்தச் சீமையே ரேட்டில் கண் விழிக்கிற சீமை. நாமக்கல்லில் முட்டை, பல்லடத்தில் கறிக்கோழி, ஈரோட்டில் மஞ்சள், பெருந்துறையில் கொப்பரை என்று எல்லாவற்றுக்கும் இன்றைய விலை ஒன்று உண்டு. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சௌக்கியம் விசாரிப்பதற்கு முன்பே விலையை விசாரித்துவிடுவார்கள். டாலரும் அவருக்கு அப்படி ஒரு சரக்கு. மஞ்சள் விலை விழுந்தால் மூட்டையைக் குடோனில் அடுக்கிவிட்டு இரண்டு வருஷம்கூடக் காத்திருக்கலாம். பையனின் யுனிவர்சிடி ஃபீஸ் அப்படிக் காத்திருக்காது. போதாததற்கு, இங்கே அவர் விற்கிறவர் அல்ல, வாங்குகிறவர். இந்தச் சின்ன வித்தியாசம் மட்டும் அவர் மண்டையில் ஏறுவதே இல்லை.

"எங்கய்யன் காலத்துல நாலே முக்கா ரூவாய்ங்க" என்று ஆரம்பிப்பார். 1966 ஜூன் 6-ஆம் தேதி அது ஏழரையானது, 1991 ஜூலையில் ரூபாய் மதிப்பை மறுபடி வெட்டியது, 2022-இல் டாலர் எண்பதைத் தொட்டது, 2025 டிசம்பரில் தொண்ணூறைத் தாண்டியது என்று எல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பார். இவ்வளவும் தெரிந்தவர், டாலர் 82-இல் இருந்தபோது, "80-க்கு வரட்டும், அனுப்பிக்கலாம்" என்று உட்கார்ந்திருந்தார். 84 ஆனதும், "82 வந்தாப் போதுமுங்க" என்று இறங்கி வந்தார். டாலர் இறங்கி வரவில்லை.

கடைசித் தேதிக்கு முந்தின நாள் பேங்குக்குப் போவார்.

"ஏனுங் தம்பி, கூகுள்ல ஒரு ரேட்டு போட்டிருக்குது, நீங்க அதுக்கு மேல ஒரு ரூவா சொல்றீங்க?"

"அது பேங்குகளுக்குள்ள வாங்கி விக்கற ரேட்டுங்க அங்கிள். நமக்கு டி.டி. செல்லிங் ரேட்டுங்க."

"நாம என்ன அசலூர்க்காரனுங்களா? முப்பது வருசமா இதே பிராஞ்சுதானுங்க."

மேனேஜர் வரைக்கும் போய், டாலருக்குப் பன்னிரண்டு பைசா குறைத்து வாங்கிவிடுவார். 20,000 டாலருக்கு 2,400 ரூபாய் மிச்சம். அந்தச் சந்தோஷத்தில், அனுப்புகிற செலவு முழுக்க யார் தலையில் என்று ஃபாரத்தில் கேட்டிருந்த கட்டத்தில், 'பாதி நம்முது, பாதி வாங்கறவங்களுது' என்று டிக் அடித்தார். பணம் போகிற வழியில் இருந்த ஏதோ ஒரு பேங்கு, தன் கூலியாக 25 டாலரை எடுத்துக்கொண்டது. யுனிவர்சிடி 25 டாலர் பாக்கி என்று எழுதியது. அந்த 25 டாலரை அனுப்ப மறுபடி ஒரு ஃபாரம், கமிஷன், ஸ்விஃப்ட் சார்ஜ், ஜி.எஸ்.டி.! மிச்சம் பிடித்த 2,400 நல்லபடியாகக் கரைந்தது.

அவருக்குத் திருப்பூரில் ஒரு சம்பந்தி. பனியன் எக்ஸ்போர்ட்டர். டாலர் ஏறினால் அவர் முகம் மலரும், இவர் முகம் வாடும். ஒரே விசேஷத்தில், ஒரே சோபாவில் உட்கார்ந்துகொண்டு இருவரும் இரண்டு விதமாக வேண்டிக்கொள்வார்கள். சம்பந்தி மட்டும் ரேட்டைப் பற்றி ஆரூடம் சொல்வதில்லை. 2007-08-இல் கரன்சி டெரிவேட்டிவ் என்று கையெழுத்துப் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட திருப்பூர்க்காரர்கள் நிறையப் பேர். 2011-இல் ரிசர்வ் வங்கி 19 வங்கிகளுக்கு அபராதம் போட்டதும் அந்த டெரிவேட்டிவ் விவகாரத்தில்தான். ஆரூடம் சொல்கிற உரிமை அன்றிலிருந்து கோயமுத்தூர்க்காரர்களிடமே இருக்கிறது.

பையனுக்கு டல்லாஸில் வேலை கிடைத்தது. மறுநாளே நம்மவர் கட்சி மாறினார். "ரூவா எதுக்குங்க ஏறோணும்? எக்ஸ்போர்ட்டு என்னாவறது?" என்று நாட்டுக்காகக் கவலைப்பட்டார். பையன் பணம் அனுப்ப ஆரம்பித்ததும், வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு இங்கே வரி கிடையாது என்பது காதில் விழுந்தது. பையன் பேரில் இருக்கிற தென்னந்தோப்புக் குத்தகைப் பணத்தையும் அதிலேயே போட்டுவிட ஆசைப்பட்டார். உள்ளூர் வருமானம் வழக்கமாக என்.ஆர்.ஓ. கணக்குக்குத்தான் போகும், அதன் வட்டியில் 30 சதவீதத்துக்கு மேல் பிடிப்பார்கள் என்றதும், ஆசையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

பையனின் பழைய சேவிங்ஸ் கணக்கு வேறு இருக்கிறது. வெளிநாட்டில் குடியேறியவர் அதை என்.ஆர்.ஓ.வாக மாற்றியே ஆக வேண்டும் என்பது சட்டம். "அவன் ஊர்ல இல்லீன்னு நாமளா எதுக்குங்க போய்ச் சொல்லோணும்?" என்பது இவர் கட்சி. பையன் ஏர்போர்ட்டுக்குக் கிளம்புகிற அன்று கையெழுத்துப் போட்டு வைத்த செக் புக்கை, பீரோவில் அம்மிச்சி காலத்துப் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறார்.

பையனைப் பார்க்க ஆறு மாசம் டல்லாஸ் போனார். ரோமிங் செலவு என்று சிம்மைச் சூலூர்ப் பங்காளியிடம் கொடுத்துவிட்டுப் போனார். அங்கே போய்த்தான் டெபிட் கார்டு வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. 2020-க்குப் பிறகு கொடுக்கிற கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமாகத்தான் திறந்துவிட வேண்டும். திறக்க ஓ.டி.பி. வேண்டும். அது சூலூருக்குப் போனது. அங்கே ராத்திரி ஒன்றரை மணி. தூக்கத்தில் எழுந்த பங்காளி மெசேஜை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுச் சொன்னார்: "யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்குதுங் அண்ணா." அண்ணன் எவ்வளவு கெஞ்சியும் பங்காளி அசையவில்லை. இந்த விஷயத்தில் நான் பங்காளி பக்கம்.

கார்டு ஒருவழியாகத் திறந்ததும், கடை மெஷின் "ரூபாயா, டாலரா?" என்று கேட்டது. கண்ணுக்குப் பழகின காசு என்று ரூபாயை அமுக்கினார். மாற்றுகிற வேலையை மெஷின்காரனிடம் விட்டால் அவன் வைத்ததுதான் ரேட்டு. டாலரை அமுக்கியிருந்தால் அந்த ரேட்டிலிருந்து தப்பியிருக்கலாம். பதினொரு பைசாவுக்கு நடுரோட்டில் நின்றவருக்கு இங்கே ரூபாய்க் கணக்கில் போனது கண்ணில் படவில்லை. முடிவெட்ட 30 டாலர் என்பது மட்டும் பளிச்சென்று பட்டது. "ரெண்டாயிரத்து எழுநூறு ரூவாயிங்களா? ஊர்ல வருசம் பூரா வெட்டலாமுங்க." ஆறு மாசம் கழித்துப் பீளமேட்டில் வந்து இறங்கியபோது, பழனிக்கு முடி வளர்ப்பவர் என்று டாக்ஸிக்காரர் நினைத்து மரியாதையாக நடத்தினார்.

போன மாசம் பையன் போன் பண்ணினான். அங்கே வீடு வாங்கப் போகிறானாம். "அப்பா, முன்பணத்துக்குக் கொஞ்சம் அனுப்புங்க." நம்மவர் இரண்டாவது முறையாகக் கட்சி மாறினார். ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம். ஆனால் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகிற இந்த மாதிரிப் பணத்துக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். வரி பிடிப்பார்கள். "வரிக் கணக்குல கழிச்சுக்கலாமுங்க, மிச்சம் திரும்பி வந்துரும்" என்று ஆடிட்டர் தலையில் அடிக்காத குறையாகச் சொன்னார். போன காசு திரும்பி வரும் என்பதை நம்புகிற வம்சமா அது? அந்த 10 லட்சம் ஆளுக்கு ஆள் தனித்தனி என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"அம்முணி, உன்ற பேன் கார்டு எங்க?"

சம்சாரம் கையில் அர்ச்சனைத் தட்டோடு வாசலில் நின்றிருந்தார்.

"அது பீரோல கெடக்குதுங்க. நான் கோனியம்மன் கோயலுக்குப் போறேன். இப்ப டாலரு ஏறோணுமா, எறங்கோணுமா? ஒண்ணைச் சொல்லித் தொலைங்க, போன வாட்டியே ஆத்தாகிட்ட மாத்தி வேண்டிட்டு வந்துட்டேன்."