எங்கள் சபைக்கு நாலு வருடப்பிறப்பு

மற்றவர்களுக்கு வருடம் ஒருமுறைதான் பிறக்கிறது. எங்கள் சபைக்கு நாலு தடவை பிறக்கும். நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ வருகிற அட்வெந்து முதல் ஞாயிறு, திருச்சபை நாட்காட்டியின்படி வருடப்பிறப்பு. அது ஐயருக்கு, அதாவது எங்கள் பாதிரியாருக்கு, மட்டும் ஞாபகம் இருக்கும். ஜனவரி 1 நள்ளிரவுப் பிறப்புக்கு ஊரே வரும். ஏப்ரல் 1 கணக்கு நோட்டின் பிறப்பு. பொருளாளருக்குத் தூக்கம் போகும். நாலாவது, மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருகிற திருமண்டலத் தேர்தல். புதுசிருஷ்டி என்று வேதம் சொல்வதை எங்கள் ஆட்கள் அப்போதுதான் நேரில் பார்ப்பார்கள். அதுவரை முகங்கொடுத்துப் பேசாதவர்கள் வீட்டுக்கு வந்து காப்பி குடிப்பார்கள். தினமும் சேர்ந்து காப்பி குடித்தவர்கள் வேறு பாதையில் நடப்பார்கள்.

ஊர், நாசரேத்துக்கும் திசையன்விளைக்கும் நடுவே தேரிக்காட்டை ஒட்டி இருக்கிறது. இந்தப் பக்கத்துக்குக் கிறிஸ்தவம் புதிதில்லை. முதலூர் 1799-லேயே கிறிஸ்தவர்களுக்கென்று உண்டான ஊர். இன்றைக்கு வெளியூர்க்காரர்களிடம் முதலூர் என்றால் மஸ்கோத் அல்வாவைத்தான் சொல்வார்கள். அதுவும் ஒரு சாட்சிதான் என்று வைத்துக்கொள்ளலாம். மெஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் என்ற வேல்ஸ் நாட்டு மிஷனெரி கட்டிய கோயிலின் கோபுரம் 192 அடி. இந்த வட்டாரத்துச் சபைகள் தங்கள் ஆவிக்குரிய வளர்ச்சியை அந்தக் கோபுரத்தை வைத்துத்தான் அளந்து வந்திருக்கின்றன, வெளியே சொல்வதில்லை. என் சிறு வயதில், 1970-களில், எங்கள் கோயிலுக்குக் கோபுரம் கிடையாது. மணி வேப்பமரத்தில் தொங்கியது. இப்போது கோபுரம் இருக்கிறது. மெஞ்ஞானபுரத்தை எட்டவில்லை. பக்கத்து ஊரைத் தாண்டிவிட்டது. கட்டடக் கமிட்டி அத்தோடு திருப்தியடைந்து ஸ்தோத்திர ஜெபம் பண்ணியது.

அந்தக் காலத்தில் ஆண்டறிக்கை என்றால் உபதேசியார் கையால் எழுதிய ஒரே தாள். ஞானஸ்நானம் இத்தனை, திடப்படுத்தல் இத்தனை, கல்யாணம் இத்தனை, அடக்கம் இத்தனை, பிடி அரிசி இத்தனை படி. வாசித்து முடிக்கையில் யாரும் கைதட்டமாட்டார்கள். கோயிலுக்குள் கைதட்டுகிற பழக்கமே இல்லை. இப்போது வழுவழுத் தாளில் கலர் புத்தகம். முதல் தலைப்பு ‘ஆவிக்குரிய வளர்ச்சி’, அரைப் பக்கம். அடுத்தது ‘கட்டட வளர்ச்சி’, மூன்று பக்கம், படங்களோடு. கார் நிறுத்த ஷெட் போட்டது எந்தத் தலைப்பில் வரும் என்று போன வருடம் ஒரு வாக்குவாதம் நடந்தது. முதல் தலைப்பில் இடம் நிறைய இருக்கிறது என்று ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

பழையதை நினைத்து உருகுகிற ஆள் இல்லை நான். பிடி அரிசியைச் சொன்னேன். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கோயில் பெட்டியில் கொட்டுவார்கள். இந்தச் சீமைக்காரர்கள் இப்படிச் சேர்த்த காசை நம்பித்தான் 1903-ல் இந்திய மிஷனெரி சங்கத்தை ஆரம்பித்து, தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அந்த வேலையில் முன்னால் நின்றவர். 1912-ல் தோர்ணக்கல்லில் அத்தியட்சரானார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சர். பெருமைக்குரிய சரித்திரம்தான். ஆனால் எங்கள் பெரியம்மா பெட்டிக்குக் கொண்டுபோனது ரேஷன் அரிசி. வீட்டில் பொங்கியது பொன்னி. “அவுஹ தெலுங்கு தேசத்துல இருக்காஹ, என்ன அரிசின்னு தெரியவா போகுது?” என்பாள்.

தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-ல் உண்டானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று நாலு தினுசுப் பேரும் ஒன்றாகிவிட்டார்கள். எங்கள் சபையில் மேலத்தெருவும் கீழத்தெருவும் இன்னும் ஒன்றாகவில்லை. அப்போது சண்டை பாயில் யார் முன்னால் உட்காருவது என்று. பிறகு பெஞ்சுக்கு வந்தது. இப்போது பெஞ்சில் பெயர் பொறிப்பதற்கு வந்திருக்கிறது. அதே திருச்சபை 1976-ல் முதல் பெண் குருவை அபிஷேகம் பண்ணியது. அந்த வருடம் எங்கள் சபையும் பின்தங்கிவிடவில்லை: அசன விருந்துக்கு வெங்காயம் உரிக்கிற பொறுப்பை முழுக்கப் பெண்களிடம் ஒப்படைத்திருந்தது. இன்றைக்குக் கமிட்டியில் பெண்கள் இருக்கிறார்கள், பொருளாளரே ஒரு டீச்சர்தான். அவர் வந்த பிறகு கணக்கு நேராகியிருக்கிறது. சிலருக்கு அது பெரிய சோதனையாக இருக்கிறது.

லெந்து என்கிற தவக்காலமும் பனையேற்றக் காலமும் எங்கள் ஊரில் ஒன்றாக வரும். காலையும் சாயங்காலமும் பனையேறி இறங்கியவர்கள் இரவு ஜெபத்துக்கு வந்து உட்கார்ந்தால், கருப்பட்டி காய்ச்சிய புகை வாசம் கோயில் முழுக்க நிற்கும். உபவாசத்தின் மேன்மையைப் பற்றி ஐயர் பிரசங்கம் பண்ணுவார். வருடத்தில் பாதி நாள் ஒருவேளை சாப்பிட்டவர்கள் தலையாட்டிக் கேட்பார்கள். இப்போது பனையேற ஆளில்லை. உபவாசம் ஒழுங்காக நடக்கிறது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் மதியம் ஒரு மணிக்கு முடியும், ஒன்று பத்துக்கு எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு பொரியல். ஜெபத்துக்கு வருகிற கூட்டம் பன்னிரண்டரைக்கு மேல்தான் நிறைகிறது. பெரிய வெள்ளியன்று பன்னிரண்டு முதல் மூன்று வரை சிலுவையின் ஏழு வார்த்தைகளையும் கேட்டுவிட்டு, அடுத்த நாள் சாயங்காலமே ஆட்டுக்கறிக்குச் சொல்லி வைத்துவிடுவது மட்டும் அன்றும் இன்றும் மாறவில்லை.

பாட்டில் நிறைய மாறியிருக்கிறது. வேதநாயகம் சாஸ்திரியார் காலத்திலிருந்து வருகிற கீர்த்தனைகளுக்கு மேலே ராகம், தாளம் அச்சாகியிருக்கும். உபதேசியார் எந்தச் சுருதியில் எடுக்கிறாரோ அதுதான் சபைக்குச் சுருதி. அனுபல்லவிக்கு மேல் பெண்கள் மட்டும் போய்ச் சேருவார்கள், ஆண்கள் பாதியில் இறங்கிவிடுவார்கள். இப்போது கீபோர்டு தம்பி, “அங்கிள், ஸ்கேல் என்ன?” என்று கேட்கிறான். சுவரில் பெரிய திரை, அதில் பாட்டு ஓடுகிறது. பாட்டுப் புத்தகம் கொண்டுவருவது நான்கைந்து கிழவிகள்தான். கரண்டு போகிற அன்றைக்கு ஆராதனையை அவர்கள்தான் நடத்துகிறார்கள்.

அறுப்பின் பண்டிகையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அறுப்பதற்கென்று பெரிதாக எதுவும் விளையாத செம்மண் பூமி எங்களுடையது. இருந்தாலும் அன்றைக்குக் கருப்பட்டி, முட்டை, முருங்கைக்காய், கோழி என்று அவரவர் முதற்பலனைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன் வைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம். ஏலம் விடுகிற தாத்தா சேவலின் காலைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, “பாத்துக்கிடுங்க, பேதுருவையே திருத்துன சேவலோட வம்சம்! பத்து ரூவா ஒரு தரம்…” என்பார். எங்கள் அம்மா ஒரு கோழியைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு அவளே ஏலத்தில் எடுப்பாள். ஏன் என்று கேட்டால், “கர்த்தருக்குக் குடுத்தாச்சு. அதுக்காக முட்டை போடுத கோழியை மேலத்தெருக்காரிக்கு விட்டுரவா?” என்று பதில் வரும்.

போன வருட ஏலத்தில் வாழைத்தாரும் பூசணியும் திசையன்விளைச் சந்தையிலிருந்து வந்தன. ரசீது ஒட்டியபடியே ஒரு தார் இருந்தது. உள்ளூர் விளைச்சல் முருங்கைக்காயும் ஒரு நாட்டுக்கோழியும். கோழிக்கு ஏலம் கேட்டவர்கள் இரண்டு பேரும் ஊரில் இல்லை. ஏலம் விட்ட அண்ணாச்சியின் போனில் மஸ்கட் தம்பி, இன்னொருவர் போனில் துபாய்த் தம்பி. ஒருவர் மேலத்தெரு, ஒருவர் கீழத்தெரு. ஐநூறில் ஆரம்பித்தது ஐயாயிரத்தில் சூடு பிடித்து, பன்னிரண்டாயிரத்தில் மஸ்கட்டுக்கு விழுந்தது. கோழி காலில் கட்டோடு கண்ணை மூடிப் படுத்திருந்தது.

“தம்பி, கோழியை யார்ட்ட குடுக்க?”

“எங்க அம்மாட்ட குடுத்துருங்க அண்ணாச்சி.”

“அம்மா ஆடியிலேயே உங்க அக்காகூட சென்னைக்குப் போயாச்சேப்பா. உனக்குத் தெரியாதா?”

கொஞ்ச நேரம் பதில் வரவில்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தோம். பிறகு, “அப்ப திரும்ப ஏலம் விட்டுருங்க” என்று வந்தது. இரண்டாம் தடவை நானூறு ரூபாய்க்கு எங்கள் தெரு மதினி ஒருத்தி வாங்கினாள், அன்றைக்கே குழம்பும் வைத்துவிட்டாள். பன்னிரண்டாயிரத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று பொருளாளர் டீச்சர் யோசித்துவிட்டு ‘இதர வரவு’ என்று எழுதினார்.

கிறிஸ்துமஸ் பாட்டுக் குழுவும் அந்தக் கதைதான். அப்போது ஒரு பெட்ரோமாக்ஸ், ஒரு மிருதங்கம், ஒரு ஜோடித் தாளம். வீட்டுக்கு வீடு சுக்குக் காப்பி. குழுவைவிட நாய்கள் அதிகம். இப்போது மினி லாரியில் ஜெனரேட்டர், சீரியல் லைட்டு, கிறிஸ்துமஸ் தாத்தா. வீடுகள் புதுப் பெயிண்டோடு பூட்டிக்கிடக்கின்றன. வாசலில் கேமரா இருப்பதால் பாடாமலும் போக முடியாது. ஒரு வீட்டு முன் பாடிக்கொண்டிருக்கும்போதே என் போன் அடித்தது: “சித்தப்பா, கொஞ்சம் கேட்டுப் பக்கம் தள்ளி நில்லுங்க, முகம் தெரியல.” நின்றோம். காணிக்கை போனிலேயே வந்துவிட்டது. ஜெபிக்க வந்த இளம் ஐயர், “இந்த வீட்டையும் இதில் வாசம்பண்ணுகிறவர்களையும்” என்று வழக்கம்போல் தொடங்கி, பூட்டைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். அப்புறம் “வாசம்பண்ணப் போகிறவர்களையும்” என்று முடித்தார். சமயோசிதமான மனிதர். சீக்கிரம் பெரிய சேகரத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

வருடக் கடைசி இரவின் வாக்குத்தத்த அட்டையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அப்போது தட்டில் கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஒன்றை எடுக்க வேண்டும். பிடிக்காவிட்டால் பெரியம்மா யாரும் பார்க்காதபோது மாற்றிக்கொள்வாள். இப்போது போனில் தொட்டால் வசனம் வருகிறது, பிடிக்கிறவரை தொடலாம். ‘விரியன் பாம்புக் குட்டிகளே’ என்ற வசனத்தை அட்டையிலும் யாரும் அச்சடிக்கவில்லை, போனிலும் யாரும் ஏற்றவில்லை.

2020 மார்ச்சில் கோயில் பூட்டப்பட்டது. ஆராதனை போனுக்குள் போனது. மற்ற சபைகளின் பிரசங்கத்தையும் கேட்டுப் பார்த்துவிட்டு எங்கள் ஐயரை மார்க்குப் போட ஆரம்பித்தார்கள். அடுத்த வருடம் இரண்டாம் அலையில் ஊரில் சாவு விழுந்தபோது, பெற்ற பிள்ளைகள் வர முடியாத வீடுகள் இருந்தன. குழி தோண்டியதும் பெட்டி தூக்கியதும் வாலிபர் சங்கத்துப் பையன்கள். ஸ்கேல் கேட்கிற அதே கீபோர்டு தம்பி, ஆராதனை நேரத்தில் வெளியே நின்று போன் பார்க்கிறான் என்று கமிட்டி இரண்டு தடவை கண்டித்த இன்னொருவன், இப்படியானவர்கள். கீழத்தெருப் பிணத்தை மேலத்தெருப் பையன்கள் தூக்கினார்கள். யாரும் அப்போது தெருவைக் கேட்கவில்லை. நின்றுபோயிருந்த பிடி அரிசியைப் பெண்கள் திரும்ப ஆரம்பித்து, வேலை போன வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். இந்தத் தடவை பொன்னி அரிசிதான், நானே பார்த்தேன். அந்த வருட அறிக்கையில் இதெல்லாம் ‘கூடுகைகள் நடைபெறவில்லை’ என்ற ஒரே வரியாக வந்தது. ‘ஆவிக்குரிய வளர்ச்சி’ என்ற தலைப்பின் கீழ் அந்த வருடம் எழுத ஒன்றுமில்லை என்று செயலாளர் வருத்தப்பட்டார். என் கணக்கில் எங்கள் சபை வளர்ந்த வருடம் அது ஒன்றுதான்.

அதன் பிறகு பழையபடி மே மாதம் பிரதிஷ்டைப் பண்டிகை வந்தது, சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் கார்கள் வந்தன, அசனத்துக்கு டோக்கன் முறை வந்தது. முன்பு தரையில் வரிசையாக உட்கார்ந்து, பக்கத்து இலையில் ஈரல் அதிகமா என்று பார்த்துக்கொண்டே சாப்பிடுவோம். மிஞ்சிய குழம்புக்குத் தூக்குவாளியோடு நிற்போம். இப்போது பார்சல். வாங்கிக்கொண்டு ஏசி காரில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடலாம், யார் இலையையும் பார்க்க வேண்டியதில்லை. மறுவாரம் கோயிலில் நாற்பது ஐம்பது பேர். திரையில் பாட்டு ஓடும், பெயர் பொறித்த பெஞ்சுகள் காலியாக இருக்கும்.

இந்த வருடம் தேர்தல் வருடம். வெளியூரில் இருக்கிற எங்கள் சபையார் யாராவது இதைப் படித்தால் கவனிக்க: சங்கக் காணிக்கை பாக்கியை மார்ச் 31-க்குள் அனுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் ஓட்டுப் பட்டியலில் பெயர் வராது. பணத்துக்காக நேரில் வர வேண்டியதில்லை. முடிந்தால் பண்டிகை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். ஆராதனை எட்டரைக்கு. உங்கள் பெயர் போட்ட பெஞ்சில்தான் உட்கார வேண்டும் என்று கட்டாயமில்லை.