கருத்தரங்கக் காலவியல்: ஒரு முன்னாய்வு

ஆய்வின் தேவை

தமிழகக் கல்லூரி வளாகங்களில் நடக்கும் கருத்தரங்குகளில் சங்க இலக்கிய நீர் மேலாண்மை முதல் மீம்ஸ் மொழிநடை வரை எல்லாம் ஆராயப்பட்டுவிட்டன. ஆராயப்படாமல் எஞ்சியிருப்பது கருத்தரங்கு ஒன்றுதான். அக்குறையை இக்கட்டுரை போக்குகிறது.

கருதுகோள்

அழைப்பிதழில் ஒருவர் பெயர் எவ்வளவு பெரிய எழுத்தில் இருக்கிறதோ, அவ்வளவு தாமதமாக அவர் வருவார். அந்தத் தாமதம் முழுவதும் மிகச் சிறிய எழுத்தில் பெயர் உள்ளவரின் நேரத்திலிருந்து கழிக்கப்படும்.

வகைப்பாடு

பக்கத்து மாவட்டத்தார் வந்தால் அது மாநிலக் கருத்தரங்கு. கேரளத்திலிருந்து ஒருவர் வந்துவிட்டால் தேசியம். யாழ்ப்பாணத்திலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ ஒருவர் ஜூமில் தலைகாட்டி, "நான் பேசுவது கேட்கிறதா?" என்று கேட்டால் பன்னாட்டுக் கருத்தரங்கு. பதில் கேட்பதற்குள் இணைப்பு அறுந்தாலும் தகுதி குறையாது.

இந்த உயர்வுக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010ஆம் ஆண்டு விதிகள், ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கான கணக்கில், பன்னாட்டுக் கருத்தரங்கில் கட்டுரை படித்தால் 10 மதிப்பெண், தேசிய அளவில் 7.5, மாநில அளவில் 5, கல்லூரி அளவில் 3 என்று வகுத்தன. 2018 விதிகளில் மதிப்பெண் குறைந்தது. பதாகையின் நீளம் குறையவில்லை.

களஆய்வு

அழைப்பிதழில் நேரம் காலை 9.30. அரங்கில் இரண்டாமாண்டு மாணவர்கள் வகுப்போடு கொண்டுவந்து நிரப்பப்பட்டிருந்தனர். சோபா போட்ட முதல் வரிசை மட்டும் காலி. 10.40க்குச் சிறப்பு விருந்தினர் வந்தார்.

முதலில் தமிழ்த்தாய் வாழ்த்து. 2021 டிசம்பரில் இதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, 55 வினாடியில் பாட வேண்டும் என்கிறது. அன்று முழுவதும் குறித்த நேரத்தில் முடிந்த நிகழ்ச்சி இது ஒன்றே.

அடுத்து குத்துவிளக்கு. முகம் ஐந்து, மேடையில் பெரியவர்கள் எட்டுப் பேர். மெழுகுவர்த்தி கைமாறும்போதெல்லாம் மின்விசிறிக் காற்றில் அணைந்தது. "ஃபேனை நிறுத்துப்பா" என்று முதல்வர் கைகாட்ட, அரங்க விளக்குகள் அணைந்தன, விசிறி சுற்றியது. இருட்டில் ஒரே ஒரு திரி பற்றி எரிந்தது. முப்பதாண்டு அனுபவமுள்ள அலுவலக உதவியாளர் அதன் நுனியில் மட்டும் கர்ப்பூரம் தடவி, அதை முதல்வருக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். வளாகத்தில் அன்று வெளிப்பட்ட முதல் அறிவியல் சிந்தனை இது.

பிறகு பொன்னாடை. போர்த்தும் கைகள் நடுவானில் நின்றன. "சார், இன்னொண்ணு" என்று புகைப்படக்காரர் சொல்லும்வரை கல்வியுலகம் அசையவில்லை.

அமர்வு

முந்தைய இரவு பஸ் ஏறி, விடியற்காலையில் பேருந்து நிலையத்திலேயே முகம் கழுவிக்கொண்டு வந்த ஆய்வு மாணவி ஒருவர் பன்னிரண்டு பக்கக் கட்டுரையோடு எழுந்தார். "ஆளுக்கு மூணு நிமிஷம்மா. கட்டுரைதான் புத்தகத்துல வந்துடுச்சே, சாரத்தை மட்டும் சொல்லுங்க" என்றார் அமர்வுத் தலைவர். சாரத்துக்கு முன் அவையடக்கம் சொல்லியாக வேண்டும். அது முடிந்ததும் மணி அடித்தது.

எதிர்பாராத கண்டுபிடிப்பு

தேநீர் வரிசையில், காகிதக் கோப்பையும் பருப்பு வடையுமாக நின்ற ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் அந்த மாணவியிடம் கேட்டார்: "ஏம்மா, உன் கட்டுரையில வர்ற கல்வெட்டு எந்த ஊர்ல இருக்கு?" மாணவி ஊரைச் சொன்னார். பேராசிரியர் அதன் வாசகத்தில் ஒரு சொல்லைத் திருத்தினார். மாணவி மறுத்தார். இருவரும் வடையை மறந்து வாதாடினர். வேறு இருவர் சேர்ந்துகொண்டனர். "அடுத்த அமர்வு தொடங்குகிறது, அனைவரும் உள்ளே வரவும்" என்ற அறிவிப்பு அன்றைய ஒரே கருத்தரங்கைக் கலைத்தது.

முடிவும் பரிந்துரையும்

மதிய உணவுக்குப் பின் கூட்டத்தைக் கட்டிப்போடுவது அறிவு வேட்கையல்ல; சான்றிதழை மாலை நன்றியுரைக்குப் பிறகே தருவார்கள் என்ற அச்சம். ஆகவே கருத்தரங்கு நடத்துவோருக்கு ஒரு விண்ணப்பம்: சான்றிதழைக் காலையிலேயே கொடுத்துவிடுங்கள். போகிறவர்கள் போகட்டும். தேநீர் இடைவேளையை ஒரு மணி நேரமாக்குங்கள். வடை கொஞ்சம் கூடுதலாகச் சொல்லிவையுங்கள்.