முதல் சில நொடிகள்

கேள்வி: மூடிப்போன வீடியோ கேம் கம்பெனிகளின் திரைச் சின்னங்களைச் சேகரிக்கிறான் என் மகன். அதில் என்ன இருக்கிறது?
– வாசகி, பீளமேடு

பதில்: நிறைய இருக்குதுங்க! 1989-ல் வந்த கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை ஆன் செய்தால், 'நிண்டெண்டோ' என்ற எழுத்து மேலிருந்து இறங்கி நடுத்திரையில் நிற்கும். கேட்ரிட்ஜில் பதிந்திருக்கும் அந்தச் சின்னத்தில் ஒரு புள்ளி பிசகினாலும் ஆட்டம் தொடங்காது. அத்தனை கறாரான வாயிற்காவலர்!

நம் பக்கத்துப் படக் கம்பெனிகளையும் பாருங்கள். கோவை பட்சிராஜா ஸ்டூடியோ 'மலைக்கள்ளன்' (1954) கதையை ஆறு மொழிகளில் எடுத்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நூறு படங்களைத் தாண்டியது. இரண்டும் இன்று இல்லை. படத்தின் முதல் சில நொடிகளில் வரும் சின்னத்தில்தான் பேரும் புகழுமாக வாழ்கின்றன. பழைய படங்களை இணையத்தில் ஏற்றும் சிலர் அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். உங்கள் மகன் சேர்த்து வைக்கிறான். தடுக்காதீர்கள், அடுத்து பட்சிராஜாவின் சின்னத்தைத் தேடச் சொல்லுங்கள்.