பட்சி சொல்லுதா கண்ணு?

இன்னாடா கண்ணு, உள்ளுணர்வ நம்பக் கத்துக் குடுக்குறாங்களாமே? ஞாயித்துக்கெழம, ஏசி ரூமு, மெழுகுவத்தி, கண்ண மூடிக்கினு ஒக்காரணும், அதுக்கு ஐயாயிரம் ரூவா ஃபீஸு. நல்லாருக்குடா. காலையில எழுந்ததும், ராத்திரி நல்லாத் தூங்கினோமான்னு கையில கட்டுன வாட்ச்சக் கேக்குற. ஒம் முதுகு சொல்லாததையா அது சொல்லப்போவுது? ஆவடி மார்க்கெட்டுல கத்திரிக்கா வாங்க வூட்டுக்கு வீடியோ கால் போடுற. காம்பத் தொட்டுப் பாத்தா தெரியாது?

பட்சி சொல்லும்டா. ஆனா தீனி போட்டாத்தான் சொல்லும்.

அம்பத்தூர் எஸ்டேட்டு 1964ல வந்துது. அதுல ஒரு பட்டறையில லேத்து ஓட்டுனவன் நான். எங்க மேஸ்திரி வாசல்ல நின்னு டீ குடிப்பாரு. உள்ள வரிசையா மிஷின் ஓடும், பக்கத்துல பேசுறதே காதுல வுழாது. அரசியல் பேசிக்கினே இருக்கிற மனுசன் டக்குனு திரும்பி, "டேய், கடைசி மிஷின நிறுத்துடா"ம்பாரு. ஓடிப்போய்ப் பாத்தா டூல் மொன மழுங்கிக் கெடக்கும். சுருள் சுருளா வுழுவுற இரும்பு நீலம் பாஞ்சிருக்கும். இன்னும் கொஞ்சம் வுட்டிருந்தா ஜாப்பு நேரா காயலாங்கடைக்குத்தான். எப்டிண்ணே தெரிஞ்சுதுன்னு கேட்டா, "என்னமோ சத்தம் சரியில்லடா"ன்னுட்டு மறுபடியும் டீய உறிஞ்சுவாரு. அவ்ளோதான் வெளக்கம். வருசக்கணக்கா அந்தச் சத்தத்தக் கேட்டு, தப்பு பண்ணி, மொதலாளிகிட்ட திட்டு வாங்கி வளந்த காதுடா அது.

அதே மேஸ்திரிதான், வில்லங்கம் போட்டுப் பாக்காம, "எடத்தப் பாத்ததும் மனசுக்குப் புடிச்சிப் போச்சு"ன்னு ஏரிப் பொறம்போக்குல மனை வாங்குனாரு. லேத்துல பேசுன பட்சி பத்திரத்துல பேசல. எப்டி பேசும்? வாழ்க்கையில ஒரே ஒரு மனை வாங்குன ஆளு!

இதத்தான் டேனியல் கானெமன், கேரி கிளெயின்னு ரெண்டு மனோதத்துவ ஆராய்ச்சிக்காரங்க, பல வருசம் வாதம் பண்ணி, 2009ல சேந்து எழுதுனாங்களாம். பேரன் படிச்சுச் சொன்னான். ஒருத்தரு உள்ளுணர்வ ஒசத்திச் சொல்றவரு, இன்னொருத்தரு அத சந்தேகப்படுறவரு. கடைசியில ரெண்டு பேரும் ஒத்துக்கினது இன்னா? வேலையில ஒரு ஒழுங்கு இருக்கணும், நீ அதுல ரொம்ப நாள் பழகணும், பண்ண தப்பு ஒடனே ஒனக்குத் தெரியணும். அப்பத்தான் நம்பலாம். பங்குச் சந்தையில இந்த ஷேர் ஏறும்னு உள்ளுணர்வுல சொல்றத அவங்க நம்பல.

பேரனுக்கு அந்தப் பக்கம் மட்டும் மறந்து போச்சு. "தாத்தா, இன்னிக்கு ஆப்ஷன் ஏறும்னு எனக்கு ஃபீலிங்கா இருக்கு"ன்றான். மூணு வருசக் கணக்கெடுத்து, பங்குச் சந்தையக் கண்காணிக்கிற செபி 2024ல சொல்லிச்சு: இந்த ஆப்ஷனும் சேந்த எஃப் அண்ட் ஓ-ல வெளயாடுன தனி ஆளுங்கள்ல நூத்துக்கு 93 பேருக்கு நஷ்டம். அத்தன பேருக்கும் ஃபீலிங் இருந்திருக்கும்ல?

சரி, பட்சி பேசுதா, ஆசை பேசுதான்னு எப்டிப் பிரிக்கிறது? ஆசை வாய் ஓயாது. காரணம் காரணமா அடுக்கும், பக்கத்து வூட்டுக்காரன சாட்சிக்குக் கூப்புடும். பட்சி ஒரு வார்த்த சொல்லிட்டுப் பூடும்.

அமைஞ்சிக்கரை ஆருத்ரா கம்பெனி கதை தெரியும்ல? லட்ச ரூவா போட்டா மாசம் முப்பதாயிரம்னு ஆசை காட்டுனதா கேசு. 2022 மே மாசம் போலீசு உள்ள பூந்துச்சு. ஒரு லட்சம் பேர்கிட்ட 2,438 கோடி வாங்குனதா போலீசு கணக்கு. கந்துவட்டிக்காரனே நூத்துக்குப் பத்து ரூவாதானே கறக்குறான்? மாசம் முப்பது குடுக்குறவன் எங்கேந்து கொண்டாருவான்? பணம் கட்டுனவங்க ஏமாளிங்க இல்லடா, நம்மளப்போல சம்பாரிச்ச ஜனங்கதான். மொத நாளு உள்ள ஏதோ உறுத்தியிருக்கும். மொத மாச வட்டி கைக்கு வந்ததும் அடங்கியிருக்கும்.

அதனால கிளாசுக்கு வெச்ச ஐயாயிரத்த பேங்குல போட்டு வை. எந்த வேலையில ஒங் கை காச்சிருக்கோ, அங்க பட்சி சொல்றதக் கேளு. புதுசா ஒன்னு வாங்குறியா? பத்திரத்தப் பாரு, வக்கீலக் கேளு. ஒன்னே ஒன்னுக்கு மட்டும் அனுபவம் வேணாம்: எவனாவது பணத்துக்கு அவசரப்படுத்தி, வூட்ல சொல்லாதன்னும் சொன்னான்னா, பட்சி சொல்றதுக்கு முன்னாடியே எழுந்து வந்துடு. போலீசு ட்ரெஸ்ஸு போட்டுக்கினு வீடியோ கால்ல ஒன்ன அரெஸ்ட் பண்ணிட்டேன்றவனும் அதே ஜாதிதான். அப்டி ஒரு அரெஸ்ட் நம்ம சட்டத்துலயே கெடையாது. போன வெச்சிட்டு சைபர் கிரைம் நம்பரு 1930க்கு அடி.